வந்த கடிதம் எங்கே போனது? மின்னஞ்சல் தொலையாதிருக்கச் சில விளக்கங்கள்

இடம்பெயர்ந்து வாழும் குடும்பம் ஒன்றுக்கு முதலில் இல்லாமற் போவது வீடு. அடுத்ததாக இல்லாமற் போவது முகவரி. 2009 ஆம் ஆண்டு தை மாத இறுதியில் விசுவமடுவை விட்டுப் புறப்பட்ட எமது மக்கள் சுதந்திரபுரம், இரணைப்பாலை, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்து, ஈற்றில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிற் கூடாரத்தின் இலக்கத்தையே முகவரியாகக் கொண்டார்கள். 2012 புரட்டாதியில் அந்த முகாம் மூடப்பட்ட போது அந்த இலக்கமும் போயிற்று. ஊருக்குத் திரும்பியவர்களிலும் பலர் உறவினர் காணியில் கொட்டில் போட்டவர்கள். அங்கிருந்து எத்தனை முறை மாறினார்கள் என்பது தபாற்காரருக்கும் தெரியாது, சிலவேளை விதானையாருக்கும் தெரியாது.

இதனாலேயே பல குடும்பங்கள் எமது பணியகத்தின் முகவரியைத் தமது முகவரியாக மனுக்களிற் கொடுத்து வந்தன. கடிதம் வருவது குறைந்து மின்னஞ்சல் வருவது கூடிய காலத்தில் மின்னஞ்சல் முகவரியையும் அவ்வாறே கொடுத்தார்கள். வீடு மாறினாலும் மாறாத முகவரி அது என்று நாமும் ஊக்குவித்தோம். அந்த ஊக்குவிப்பில் ஒரு குறை இருந்தது. கடிதம் எமது பெட்டிக்கு வந்து சேருவதும் உரியவர் கைக்குப் போய்ச் சேருவதும் ஒன்றென்று எண்ணிவிட்டோம்.

2017 ஆம் ஆண்டு கார்த்திகையில் ஒரு தாய் பணியகத்துக்கு வந்தார். அவருடைய பெர்மிற் காணியின் எல்லை பற்றிய விசாரணைக்குத் திகதி குறித்துக் கடிதம் அனுப்பியாயிற்று, நீங்கள்தான் வரவில்லை என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். கடிதம் எந்த வழியால் அனுப்பப்பட்டது என்று கேட்டதற்கு, உங்கள் பணியகத்துக்கு மின்னஞ்சலில் என்று பதில் வந்திருக்கிறது. அனுப்பியதன் அச்சுப் பிரதியையும் கொடுத்திருக்கிறார்கள். திகதி, நேரம், எமது முகவரி எல்லாம் அதிற் சரியாகவே இருந்தன. எமது கணினியில் தேடினோம். எந்தக் கோப்புறையிலும் அக்கடிதம் இல்லை. ஆனால் கணினி எழுதி வைத்திருந்த நாட்குறிப்பில், குறித்த நாளில், குறித்த நேரத்தில், குறித்த அளவில் ஒரு கடிதம் வந்ததாகப் பதிவு இருந்தது. ஆக, கடிதம் வழியிலே தொலையவில்லை. எமது வீட்டுக்குள்ளே வந்து, எமது வீட்டுக்குள்ளே தொலைந்தது. அந்தத் தாய்க்கு மறுதிகதி கிடைக்க எட்டு மாதமாயிற்று. ஒரு காலபோகம் விதைக்காமற் போயிற்று.

இது எப்படி நேர்ந்தது என்று ஆராயப் புகுந்தபோது நாம் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம். பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் மின்னஞ்சல் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் இதிற் பாதிக்கு மேல் பொருந்தும்.

மின்னஞ்சல் நேரே உங்கள் தொலைபேசிக்கோ கணினிக்கோ வருவதில்லை. தபாற் கந்தோர் போல, அஞ்சல் வழங்கி என்று ஒரு பெரிய கணினி எங்கோ ஓரிடத்தில் எந்நேரமும் விழித்திருக்கிறது. உங்கள் பெயருக்கு வருவதை அது தன் பெட்டியில் இட்டு வைக்கும். நீங்கள், அல்லது உங்கள் சார்பில் ஒரு மென்பொருள், போய் அதை எடுத்து வர வேண்டும். எடுத்து வந்தபின், கடிதங்கள் அதிகமானால், இன்னார் கடிதம் இன்ன கோப்புறைக்கு என்று பிரிக்க வேண்டும். எடுப்பது ஒரு வேலை, பிரிப்பது இன்னொரு வேலை. மனிதர் செய்தால் இரண்டும் ஒரே கையால் நடக்கும். இயந்திரத்தில் இவை வெவ்வேறு மென்பொருள்களால் நடக்கின்றன. கடிதம் தொலைவது பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையில், கைமாறும் இடத்தில்.

நெல் விற்ற எவருக்கும் இது விளங்கும். நூறு மூடையை லொறியில் ஏற்றுகிறீர்கள். வியாபாரி எண்ணி, நூறு என்று பற்றுச்சீட்டு எழுதிக் கையொப்பமிட்டுத் தந்த பின்னரே உங்கள் கொப்பியில் அந்த நூறையும் வெட்டுவீர்கள். மூடையை ஏற்றத் தொடங்கியவுடன் கொப்பியில் வெட்டிவிட்டால், பாதியில் லொறி புறப்பட்டுப் போனால் மிச்ச மூடைக்கு யார் பொறுப்பு? மின்னஞ்சலிலும் சட்டம் இதுவே. அடுத்தவர் “பெற்றுக்கொண்டேன்” என்று சொல்லும் வரை, கையில் இருப்பதை அழிக்கலாகாது.

இந்தச் சட்டம் புதிதன்று. அமெரிக்கரான ஜொன் பொஸ்டல் 1982 ஆம் ஆண்டில் எழுதிய அஞ்சல் ஒழுங்குவிதியிலேயே இது உண்டு. ஒரு வழங்கி இன்னொரு வழங்கிக்குக் கடிதத்தைக் கொடுத்ததும், மற்றது 250 என்ற இலக்கத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 250 என்றால் “ஏற்றுக்கொண்டேன், இனி இது என் பொறுப்பு” என்று பொருள். நான்கில் தொடங்கும் இலக்கம் சொன்னால் “இப்போது முடியாது, பிறகு வா” என்று பொருள். ஐந்தில் தொடங்கினால் “முடியவே முடியாது”. பிறகு வா என்று சொல்லப்பட்ட கடிதத்தை அனுப்பும் வழங்கி எறிந்துவிடாமல், குறைந்தது நான்கைந்து நாட்களாவது திரும்பத் திரும்பக் கொண்டுவந்து பார்க்க வேண்டும் என்றும், அதன் பின்னும் கொடுக்க இயலாவிட்டால் எழுதியவருக்கே திருப்பியனுப்பி அறிவிக்க வேண்டும் என்றும் ஒழுங்கு உண்டு.

செஞ்சிலுவைச் செய்தியை அறிந்த எமது மூத்தவர்களுக்கு இதுவும் புதிதாகத் தோன்றாது. வன்னிக்கும் வெளிக்குமிடையே வழி அடைபட்டிருந்த காலங்களில், சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் உறையிடாத ஒரு தாளிற் குடும்பச் செய்தியை மட்டும் எழுதுவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்தத் தாள் எழுதியவரிடமே திரும்பி வரும். திரும்பி வந்த தாளைக் கண்டு அழுதவர்கள் உண்டு. ஆனால் திரும்பி வந்ததால், போய்ச் சேரவில்லை என்பதாவது தெரிந்தது. அனுப்பியவருக்கும் தெரியாமல், பெறவேண்டியவருக்கும் தெரியாமல் நடுவில் மறைந்துபோவதே எல்லாவற்றிலும் கொடியது. எமது பணியகத்தில் நடந்தது அந்த வகை.

வழங்கிப் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்துவரப் பெரிதும் வழங்கிவரும் முறைக்குப் பொப் என்று பெயர். இன்றுள்ள அதன் மூன்றாம் வடிவத்தின் ஒழுங்குவிதி 1996 வைகாசியில் வெளியானது. எடுக்கும் மென்பொருள் பெட்டியைத் திறந்து எத்தனை கடிதம் என்று கேட்கும். ஒவ்வொன்றாக வாங்கும். வாங்கியதை அழி என்று சொல்லும். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அழி என்று சொன்னவுடன் வழங்கி அழிப்பதில்லை, அடையாளம் மட்டும் இட்டு வைக்கும். “முடிந்தது, போய்வருகிறேன்” என்று முறைப்படி விடைபெற்ற பின்னரே அடையாளமிட்டவற்றை அழிக்கும். நடுவில் இணைப்பு அறுந்தால் ஒன்றும் அழியாது. மழைக்கும் காற்றுக்கும் மின்சாரமும் இணைப்பும் போய்வரும் எமது பக்கத்துக்கென்றே எழுதியது போன்ற விதி.

இணைப்பு அறுந்தால், ஏற்கெனவே எடுத்த கடிதங்கள் மறுநாள் மறுபடியும் வரக்கூடும். ஒரே கடிதம் இரண்டு தரம் வருகிறதே என்று எம்மிடம் முறையிடுபவர்கள் உண்டு. அப்படி வருவது அந்த மென்பொருள் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி. இரண்டு தரம் வந்ததை ஒரு தரம் அழித்துவிடலாம், ஒரு தரமும் வராததை என்ன செய்வது? இந்த இரட்டிப்பைக் குறைப்பதற்காக வழங்கி ஒவ்வொரு கடிதத்துக்கும் மாறாத அடையாள எண் ஒன்றைக் கொடுப்பதும் உண்டு. எடுக்கும் மென்பொருள் அந்த எண்ணைக் குறித்து வைத்து, கண்டதை மீண்டும் எடுக்காமல் விடும். அப்படிக் குறித்து வைக்கும் மென்பொருளில், கடிதத்தின் பிரதியை வழங்கியிலேயே விட்டு வைக்கும்படியும் சொல்லலாம். விட்டு வைக்கும்படி சொல்லுங்கள் என்பதே எமது முதலாவது ஆலோசனை. கணினிகளில் உள்ள அஞ்சல் மென்பொருள்களின் அமைப்புப் பக்கத்தில் “வழங்கியில் ஒரு பிரதியை விட்டுவை” என்ற கருத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதிற் சரி அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை நாளுக்கு என்ற கேள்வி பக்கத்திலேயே இருக்கும். மாதத்துக்குக் குறையாமல் இடுங்கள்.

தானாகவே எடுத்துவரும் மென்பொருள்களில் பெயர் பெற்றது ஃபெச்மெயில். எரிக் ரேமண்ட் என்பவர் 1996 இல், வேறொருவர் எழுதி வைத்த பழைய மென்பொருளொன்றைக் கையேற்றுத் திருத்தி இதை ஆக்கினார். இதை ஆக்கிய அனுபவத்தையே மூலமாகக் கொண்டு பேராலயமும் சந்தையும் என்ற பொருள்படும் கட்டுரையை 1997 இல் எழுதினார். மென்பொருளை மூடிய இடத்தில் சிலர் கட்டுவதைப் பேராலயத்துக்கும், எல்லாரும் கூடித் திறந்த வெளியிற் கட்டுவதைச் சந்தைக்கும் ஒப்பிட்டு, சந்தையே மேல் என்கிறார். குருவானவர்களாகிய எமக்கு அந்த உவமை சற்றுக் கசந்தாலும், அவருடைய மென்பொருள் பற்றுச்சீட்டுச் சட்டத்தைச் சரியாகக் கடைப்பிடிக்கிறது. வழங்கியிலிருந்து எடுத்த கடிதத்தை உள்ளூர் அஞ்சல் மென்பொருளிடம் நீட்டி, அது 250 என்று சொன்ன பின்னரே மூலத்தை அழிக்கச் சொல்லும். அந்த ஒழுங்கை விட்டு, நடுவில் உள்ளூர் அஞ்சலே வேண்டாம், நேரே பிரிக்கும் மென்பொருளிடம் கொடு என்று குறுக்கு வழியில் அமைப்பவர்களும் உண்டு. அப்போது பிரிப்பவர் சொல்லும் விடையை எடுப்பவர் கேட்கிறாரா என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பிரிக்கும் மென்பொருள் தன் வேலை முடிந்ததும் ஒரு இலக்கத்தை விட்டுச் செல்லும். பூச்சியம் என்றால் நலம். 75 என்றால் “இப்போது இயலவில்லை, கடிதத்தை வைத்திரு, பிறகு பார்ப்போம்”. கணினியின் வட்டு நிரம்பி எழுத இடமில்லாத வேளையில் வரவேண்டிய விடை இந்த 75. இதைக் கேளாத அமைப்பில் எடுப்பவர் வழங்கியில் அழித்துவிடுவார், பிரிப்பவரிடம் பாதிக் கடிதமே இருக்கும். எமது கணினியின் வட்டில் அப்போது நூற்றுக்கு மூன்று பங்கு இடமே எஞ்சியிருந்தது என்பதையும் அந்த ஆராய்ச்சியின் போதுதான் கண்டோம். அந்த வகையில் இன்னும் எத்தனை கடிதம் போயிருக்கும் என்று எமக்குத் தெரியாது.

அந்தத் தாயின் கடிதம் போன வழி வேறு. அது பிரிக்கும் இடத்தில் நடந்தது.

எமது கணினியில் கிராமங்களின் பெயரால் கோப்புறைகள் இருந்தன. கடிதத்தின் தலைப்பில் விசுவமடு என்று ஆங்கிலத்தில் இருந்தால் விசுவமடுக் கோப்புறைக்கு, உடையார்கட்டு என்று இருந்தால் உடையார்கட்டுக் கோப்புறைக்கு என்று ஒரு விதி. எதிலும் சேராதவை “இதர” என்ற கோப்புறைக்குப் போகும். இனி, எமது ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பாருங்கள். சிலர் ‘சு’ என்ற இடத்தில் எஸ் மட்டும் போடுவர், சிலர் எஸ்ஸும் எச்சும் சேர்ப்பர். ‘வ’வுக்குச் சிலர் வீ, சிலர் டபிள்யூ. நடுவில் உள்ள ‘உ’வை விழுங்கிவிடுவாரும் உண்டு. ஒரே அலுவலகத்தின் இரண்டு கடிதங்களில் இரண்டு விதமாகக் கண்டிருக்கிறோம். எமது விதிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடிதம் வேறு எழுத்தில் வந்தது. “இதர” கோப்புறைக்குப் போயிற்று. அந்தக் கோப்புறையில் விளம்பரங்களே நிறைகின்றன என்பதால், வட்டில் இடம் மிச்சம் பிடிக்க, முப்பது நாளுக்கு ஒரு தரம் அது தானாகவே காலியாகும்படி முன்னர் யாரோ அமைத்து வைத்திருந்தார்கள். யாரோ என்று சொல்வது தப்பிக்கும் பேச்சு. நாம்தான் அனுமதித்தோம்.

ஊர்ப் பெயருக்கு வந்த கதி ஆட்பெயருக்கும் வரும். எங்களில் தகப்பன் பெயர் முன்னால் வரும், அது முதலெழுத்தாகச் சுருங்கும், சில படிவங்களில் முழுதாக விரியும், சிலவற்றில் பின்னால் போகும். வெளிநாட்டில் உள்ள பிள்ளையின் பத்திரத்தில் தகப்பனின் பெயர் குடும்பப் பெயராகிவிடும். பெயரைக் கொண்டு பிரிக்கும் எந்த விதியும் எமது மக்கள் விடயத்தில் அரைகுறையே.

தலைப்பைத் தமிழில் எழுதினால் இந்தச் சிக்கல் தீரும் என்று நினைத்தோம். அதிலும் ஒரு பொறி உண்டு. மின்னஞ்சலின் தலைப்பு வரி ஆங்கில எழுத்துக்களை மட்டுமே தாங்கும்படி ஆதியில் அமைந்தது. வேறு மொழி எழுத்துக்களை ஆங்கில எழுத்தும் இலக்கமுமாக மாற்றிக் கட்டி அனுப்பும் முறை 1992 இல் ஒழுங்குவிதியாயிற்று. ஆகவே நீங்கள் திரையில் ‘காணி’ என்று காண்பது, கம்பியில் வரும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே வருகிறது. திறந்து காட்டும் மென்பொருள் அதை அவிழ்த்துக் காட்டுகிறது. பழைய பிரிப்பு மென்பொருள்கள் அவிழ்க்காமலே தேடும். அவற்றிடம் ‘காணி’யைத் தேடு என்றால் இல்லை என்றே சொல்லும். ஜிமெயில் போன்றவை அவிழ்த்துத் தேடுகின்றன.

நீர்ப்பாசனம் செய்வோருக்கு இதை விளக்குவது எளிது. குளத்தின் துருசைத் திறந்து வாய்க்கால்களுக்கு நீரைப் பிரிக்கிறோம். எந்த வாய்க்காலுக்கும் போகாத நீர் எங்கே போகும் என்று கேளாமல் யாரும் வாய்க்கால் வெட்டுவதில்லை. கடைசி வயலையும் தாண்டிய நீருக்கு ஒரு கழிவாறு வேண்டும், பெருமழைக்குக் குளத்தில் ஒரு வான் வேண்டும். கடிதம் பிரிப்பதில் மட்டும் மிச்சத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எதிலும் சேராத கடிதமே சில வேளை எல்லாவற்றிலும் முக்கியமான கடிதம். புதிய ஆளிடமிருந்து, எதிர்பாராத அலுவலகத்திலிருந்து, முன்பின் தெரியாத எழுத்துக்கூட்டலில் வருவது அதுதானே.

இதைப் பிரிப்பு மென்பொருள் எழுதியவர்கள் நன்றாகவே உணர்ந்திருக்கிறார்கள். புரொக்மெயில் என்ற பழைய மென்பொருளை ஸ்ரீபன் வன் டென் பேர்க் என்பவர் 1990 இல் எழுதினார். அதனோடு வரும் உதாரணக் கையேட்டில், புதிதாக விதி எழுதுவோருக்கு ஒரு பாதுகாப்பு வலை சொல்லப்படுகிறது. எல்லா விதிக்கும் முன்னால், வரும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு பிரதியைத் தனிக் கோப்புறையில் இடு, அதிற் கடைசி 32 கடிதங்களை மட்டும் வைத்திரு, மற்றதைக் கழி என்பதே அந்த வலை. 32 என்பது அக்காலத்து வட்டுக்கு ஏற்ற கணக்கு. இன்று ஓராண்டுக் கடிதத்தையும் வைத்திருக்கலாம். சீவ் என்ற பிரிப்பு மொழிக்கு 2001 இல் ஒழுங்குவிதி வகுத்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எந்த விதியும் பொருந்தாவிட்டால், அல்லது விதி எழுதியவர் பிழைவிட்டு அது நடுவில் நின்றுபோனால், கடிதம் பிரதான பெட்டியிலேயே இருக்க வேண்டும் என்பது அங்கே சொல்லாமலே அமையும் சட்டம். எறிய வேண்டுமானால் எறி என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வைத்திருக்கச் சொல்ல வேண்டியதில்லை. எம்மிடம் இருந்தது இதற்கு நேர் எதிர்.

பணியகக் கணினி இல்லாத வீட்டில் இவையெல்லாம் கைத்தொலைபேசிக்குள் நடக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் வைத்திருப்பது ஜிமெயில். அதிலும் பிரிக்கும் விதி உண்டு, குப்பை அஞ்சலைத் தானே ஒதுக்கும் வேலையும் உண்டு. ஒதுக்கிய குப்பையை 30 நாளில் அழித்துவிடும். அரச அலுவலகக் கடிதமும், முதல் தரம் எழுதும் சட்டத்தரணியின் கடிதமும் அங்கே கிடப்பதை நாம் பல முறை கண்டிருக்கிறோம். கிழமைக்கு ஒரு தரம் அந்தக் கோப்புறையைத் திறந்து பார்ப்பது வாய்க்கால் பார்த்து வருவது போன்ற வேலை. இலவசக் கணக்குக்குக் கூகிள் தரும் இடம் 15 கிகாபைற். அது கடிதத்துக்கு மட்டுமன்று, படங்களுக்கும் மற்றக் கோப்புகளுக்கும் சேர்த்தே. மகன் எடுத்த கலியாண வீட்டு வீடியோக்கள் அந்த இடத்தை நிரப்பினால், காணிக் கச்சேரிக் கடிதம் உள்ளே வர இடமிருக்காது. அது எழுதியவருக்கே திரும்பும். எழுதியவர் ஒரு அலுவலகமாயின், திரும்பி வந்ததை அங்கே யார் பார்ப்பார்? அடுத்து, இரண்டாண்டு பயன்படுத்தாத கணக்கைக் கூகிள் அழிக்கலாம் என்ற விதி 2023 இல் அறிவிக்கப்பட்டு அவ்வாண்டு மார்கழி முதல் நடைமுறைக்கு வந்தது. மனு எழுதுவதற்கென்று மட்டும் ஒரு முகவரி திறந்து, கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, விடை வரும் வரை மூன்றாண்டு காத்திருப்பவர்களை நாம் அறிவோம். அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆண்டில் இரண்டு தரமாவது உள்ளே போய் ஒரு கடிதத்தையேனும் திறவுங்கள்.

ஒரே முகவரியின் கடிதத்தை இரண்டு இடத்தில் எடுப்பது இன்னொரு குழி. பணியகக் கணினி பொப் முறையில் எடுத்து அழித்துவிட்டால், உங்கள் தொலைபேசி போய்ப் பார்க்கும் போது பெட்டி வெறுமையாயிருக்கும். கடிதம் வரவில்லை என்றே நினைப்பீர்கள். இரண்டு இடத்திற் பார்க்க வேண்டுமாயின் ஐமப் என்ற முறையே ஏற்றது. 1980களில் மார்க் கிறிஸ்பின் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆக்கிய அந்த முறையில் கடிதம் வழங்கியிலேயே இருக்கும், நாம் அங்கே போய்ப் பார்த்து வருகிறோம். ஒரு முகவரிக்கு வருவதை இன்னொரு முகவரிக்குத் தானாக எடுத்துத் தரும் ஏற்பாட்டை நம்பியிருப்போரும் அது இன்னும் நடக்கிறதா என்று பாருங்கள். வேறு கணக்குகளிலிருந்து பொப் மூலம் எடுத்துத் தந்த வசதியை ஜிமெயில் 2026 இல் நிறுத்துவதாக அந்நிறுவனம் 2025 இலேயே அறிவித்தது. நின்றுபோன வாய்க்கால் சத்தம் போடாது.

இவ்வளவும் செய்தாலும் வழங்கியே போய்விட்டால்? அது நடக்காத காரியம் அன்று. 2023 ஆவணி 26 ஆம் திகதி இலங்கை அரசின் மேகக் கணினி வழங்கிகள் பணயத் தாக்குதலுக்கு உள்ளாயின. தாக்கியவர்கள் கோப்புகளைப் பூட்டு எழுத்தாக மாற்றிவிட்டார்கள். அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறக்குறைய ஐயாயிரம் பாதிக்கப்பட்டன. பழைய பிரதியிலிருந்து மீட்டார்கள். ஆனால் அவ்வாண்டு வைகாசி 17 இலிருந்து ஆவணி 26 வரை, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்களுக்குப் பிரதி இருக்கவில்லை, போனது போனதே. 2013 ஆம் ஆண்டு வடிவத்து மென்பொருளை, ஆக்கிய நிறுவனம் அதற்கு ஆதரவை நிறுத்திய பின்னரும் வைத்திருந்ததும், பிரதிகளும் அதே தாக்குதலில் அகப்பட்டதும் காரணமாகச் சொல்லப்பட்டன. அந்த நாட்களுக்குள் அரச முகவரியொன்றுக்கு மின்னஞ்சலில் மட்டும் மனு அனுப்பிவிட்டு விடைக்குக் காத்திருப்பவர், அந்த அலுவலகத்திடம் கேட்டு, வேண்டுமாயின் மறுபடி அனுப்புவது நல்லது. அனுப்பிய பிரதி உங்கள் “அனுப்பியவை” கோப்புறையில் இருக்கும், திகதியோடு. அதை அச்செடுத்து வையுங்கள். அந்தத் தாயின் மறுதிகதியும் ஒரு அச்சுத் தாளினால்தான் கிடைத்தது.

பணியகத்தில் நாம் இப்போது செய்வதையும் சொல்லிவிடுகிறோம். வரும் ஒவ்வொரு கடிதமும், பிரிக்கப்படு முன், ஒரு பிரதியாகத் தனி வட்டில் விழுகிறது. அந்த வட்டு மாலையிற் கழற்றி அலுமாரியில் வைக்கப்படுகிறது. இணைப்பிலேயே இருக்கும் பிரதியைத் தாக்குபவனும் தொடுவான் என்பதை மேற்சொன்ன சம்பவத்திற் கண்டோம். ஊர்ப் பெயருக்கு எமக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டல் அத்தனையையும் விதியிற் சேர்த்தோம். “இதர” என்ற பெயரை மாற்றி “ஆள் பார்க்க வேண்டியவை” என்று வைத்தோம். பெயர் மாறிய பின் ஊழியர் பார்க்கத் தொடங்கினார்கள் என்பது சிறிது வேடிக்கை. எதுவும் தானாக அழிவதில்லை. திங்கட்கிழமை தோறும் வெளியே ஒரு முகவரியிலிருந்து வேண்டுமென்றே பிழையான எழுத்துக்கூட்டலில் ஒரு சோதனைக் கடிதம் அனுப்பி, அது எங்கே போய் விழுகிறது என்று பார்க்கிறோம். இரண்டு முறை அது காணாமற் போயிற்று. ஒரு முறை காரணம் வட்டு, ஒரு முறை காரணம் புதிதாக எழுதிய ஒரு விதி. உரியவரின் கடிதம் போவதற்கு முன் எமது சோதனைக் கடிதம் போனது.

கடிதம் வந்ததும் ஒரு கொப்பியிற் பதிகிறோம். உரியவருக்குச் சொன்ன திகதி அடுத்த நிரலில். அவர் கையொப்பமிட்ட பின்னரே அந்த வரி வெட்டப்படும். இப்போது கொப்பியில் வெட்டப்படாத வரிகள் சில உள. பெரும்பாலும் முகவரி மாறியவர்கள், அல்லது பெயர் ஒத்துவராதவர்கள். எமது முகவரியைக் கொடுத்து மனுச் செய்தவர்கள் அடுத்த முறை பணியகத்துக்கு வரும் போது, உங்கள் பெயர் அடையாள அட்டையில் எப்படி, காணிப் பத்திரத்தில் எப்படி, மனுவில் எப்படி என்று ஆங்கிலத்தில் உள்ளபடியே மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் திருத்தி எழுத வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள்.